அக்சஸ் பில்லிங் கோடில் பிழையைப் பிடித்து எழுதி வைப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மைக்ரோசாஃப்ட் அக்சஸில் (டேட்டாபேஸ் மென்பொருள்), அதிலுள்ள விபிஏ மொழியில் பில்லிங் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கீழே ரெண்டு கவுன்ட்டர், டேட்டா ஃபைல் மாடி குடோன் மெஷினில். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் போன் வரும்: “அண்ணா, ஏதோ டப்பா வந்துச்சு, ஓகே அமுக்கிட்டேன். பில்லு ஏறல.” என்ன இருந்தது என்று கேட்டால், “இங்கிலீஷ்ல ஏதோ.” இதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. நடந்ததை எழுதி வைக்கும் வேலையைக் கோடே செய்யணும்.

(கோடு எடிட்டர் தமிழ் எழுத்தை ஏற்காது. கீழே உச்சரிப்பில் இருப்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

1. டேபிள்

டேட்டா ஃபைலில் ‘பிழைபதிவு’ என ஒரு டேபிள். ஆட்டோநம்பர், நேரம் (டிஃபால்ட்டில் நவ்), பிழை எண், விவரம், புரொசீஜர் பெயர், கம்ப்யூட்டர் பெயர் போதும். பிழை எண்ணுக்கு லாங் இன்டிஜர் வையுங்கள். சில எண்கள் பெரிய மைனஸ் எண்ணாக வரும். விவரத்துக்கு லாங் டெக்ஸ்ட்.

2. எழுதும் புரொசீஜர்

தனி மாட்யூலில் ‘பிழைஎழுது’ என ஒரே ஒரு சப் (ஒரு வேலையைச் செய்யும் புரொசீஜர்). எண், விவரம், புரொசீஜர் பெயர் மூன்றையும் வெளியிலிருந்து வாங்கணும். உள்ளே போய் எர்ர்.நம்பரை (கடைசிப் பிழையின் எண்) பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பூஜ்ஜியம்தான் கிடைக்கும். ஆன் எர்ரர் வரி (பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் வரி) ஓடியதுமே எர்ர் துடைக்கப்பட்டுவிடும்.

இன்சர்ட் கட்டளையை ஒட்டி ஒட்டி எழுதாதீர்கள். பிழை விவரத்திலேயே ஒற்றை மேற்கோள்குறி வரும், கட்டளை உடையும். ரெக்கார்ட்செட் (டேபிளின் வரிசைகளைக் கோடில் கையாளும் வழி) திறந்து ஆட்நியூ, அப்டேட் போடுங்கள்.

அடுத்தது முக்கியம். கரன்ட் போய், யூபிஎஸ் இல்லாத நெட்வொர்க் சுவிட்ச் அணைந்தால் 3043 (நெட்வொர்க் தொடர்பு அறுந்தது) மாதிரி பிழை வரும். அப்போது பதிவு டேபிளும் கைக்கு எட்டாது! அதனால் டேபிளில் எழுத முடியாவிட்டால் அதே மெஷினில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அப்பெண்ட் செய்ய வையுங்கள். அதைத் தனி சப்பாக எழுதி, அதற்குள் ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ) போடுங்கள். நான் அந்த வரியை மனசாரப் போடுவது இந்த ஓரிடத்தில்தான்.

3. ஒவ்வொரு புரொசீஜரிலும்

```
சப் பில்சேவ்()
    ஆன் எர்ரர் கோடூ பிடி
    ' உங்கள் வேலை
வெளியே:
    எக்ஸிட் சப்
பிடி:
    பிழைஎழுது எர்ர்.நம்பர், எர்ர்.டிஸ்கிரிப்ஷன், "பில்சேவ்"
    ரெஸ்யூம் வெளியே
எண்ட் சப்
```

எக்ஸிட் சப்பை விட்டால் பிழையே இல்லாவிட்டாலும் பதிவு விழும். கடைசியில் ரெஸ்யூம்தான், கோடூ அல்ல. கோடூ போட்டால் பிழை நிலை முடியாது. அடுத்து வரும் பிழையை இந்தப் புரொசீஜர் பிடிக்காது.

எல்லாப் பிழையும் பிழையல்ல. ரிப்போர்ட்டில் டேட்டா இல்லையென்று நீங்களே கேன்சல் செய்தால் 2501 வரும். அதைப் பதியாமல் விடுங்கள். ரெண்டு கவுன்ட்டரும் ஒரே பில் நம்பரை எடுத்தால் வருவது 3022. அங்கே புது நம்பர் எடுத்து மறுபடி சேவ் செய்யலாம்.

கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லணுமா? மெசேஜ் பாக்ஸில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரலாம். தமிழ் வாசகங்களை டேபிளில் வைத்து, சின்ன ஃபார்மில் காட்டுங்கள்.

4. கோடே கோடு எழுதட்டும்

நூறு புரொசீஜருக்குக் கையால் ஒட்டினால் பெயர் மாறிப் போகும். ஓடும்போது தன் பெயரைச் சொல்ல விபிஏவுக்கு வழியில்லை. ஆனால் எடிட்டருக்குப் பெயர் தெரியும். விபிஇ (அந்தக் கோடு எடிட்டர்) வழியாக ஒவ்வொரு கோட்மாட்யூலையும் திறந்து, புரொக்ஆஃப்லைன் மூலம் பெயரை வாங்கி, இன்சர்ட்லைன்ஸ் மூலம் மேலுள்ள வரிகளைச் செருகலாம். கீழிருந்து மேலாகப் போங்கள், இல்லாவிட்டால் வரி எண் நகர்ந்துவிடும். ஏற்கெனவே ஆன் எர்ரர் உள்ளதைத் தாண்டுங்கள். ஃபைலைக் காப்பி எடுத்த பிறகே ஓட்டணும். காசு கொடுக்கத் தயாரென்றால் எம்இசட்-டூல்ஸ் என்ற எடிட்டர் துணைக்கருவி இதே வேலையைச் செய்யும்.

5. சோதனை

வேலை வரிகளின் நடுவே எர்ர்.ரெய்ஸ் 11 (வேண்டுமென்றே ஒரு பிழையைக் கிளப்பும் வரி) போட்டு ஓட்டுங்கள். பிறகு நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் சேவ் செய்து, டெக்ஸ்ட் ஃபைலைப் பாருங்கள். பதிவு விழாமல் எடிட்டர் அந்த வரியிலேயே நின்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரலில் ‘பிரேக் ஆன் ஆல் எர்ரர்ஸ்’ இருக்கும். அதை ‘பிரேக் ஆன் அன்ஹேண்டில்டு எர்ரர்ஸ்’ என்று மாற்றுங்கள். கடை மெஷினில் அக்சஸ் ரன்டைம் (ஓட்ட மட்டும் உதவும் பதிப்பு) மட்டும் போட்டிருந்தால், பிடிக்காமல் விட்ட ஒரு பிழைக்கே புரோகிராம் மொத்தமாக மூடிக்கொள்ளும். ஃபார்ம் பட்டன்களின் கிளிக் கோடையும் விடாமல் பாருங்கள்.