கலை வரலாறு படிக்கிறீங்களா? நெட்ல இப்படி தேடிப் பாருங்க

எனக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம். எம்.ஏ. ஹிஸ்டரி சேர்ந்தப்ப கலை வரலாறு புக்கெல்லாம் வாங்க முடியல, விலை அப்படி, முக்காவாசி போன்லயே படிச்சேன், அதனால இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

உலகக் கலைக்கு ஸ்மார்ட்ஹிஸ்டரி சைட், காசு கிடையாது, ரெண்டு பேரு சிலை முன்னாடி நின்னு பேசிக்கிற மாதிரி சின்ன சின்ன வீடியோ. நியூயார்க் மெட் மியூசியம் காப்பிரைட் இல்லாத படங்கள 2017-ல இருந்து ஃப்ரீயா எடுத்துக்க விட்டிருக்கு, ப்ராஜெக்ட்ல தைரியமா போடலாம். இந்தியக் கலைக்கு பெங்களூரு மேப் அகாடமியோட என்சைக்ளோபீடியா, தமிழ் புக்குக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம்.

நான் முக்கியமா சொல்ல வந்தது நம்ம ஊர தேடுறது பத்தி. கிருஷ்ணகிரின்னு அடிச்சா பழைய விஷயம் ஒண்ணும் சரியா வராது, ஏன்னா 2004-க்கு முன்னாடி நாம தருமபுரி மாவட்டம், 1965-க்கு முன்னாடி சேலம், அப்போ எழுதினதெல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கும். ஆர்க்கைவ் டாட் ஆர்க்ல சேலம் மேனுவல்னு தேடுங்க, பழைய சேலம் மாவட்டத்தப் பத்தின புக்கு, லெ ஃபனு எழுதி 1883-ல வந்தது, முழுசா கிடைக்கும்.

அதுக்கும் முன்னாடி போகணும்னா பாரமகால்னு போடுங்க, நம்ம பக்கத்துக்கு அப்போ இருந்த பேரு. 1792-ல திப்பு கிட்ட இருந்து பாரமகால் இங்கிலீஷ்காரங்க கைக்கு போச்சு, அதே வருஷம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ரெண்டு ஓவியர்ங்க இந்த வழியா வந்து கோட்டை மலைகள வரைஞ்சாங்க, நம்ம ராயக்கோட்டை அதுல இருக்குங்க! மொதல் தடவ அந்தப் படத்த பாத்தப்ப எனக்கு தூக்கமே வரல, தினம் பஸ்ல பாக்குற மலை. ஒசூருக்கு அவங்க ஸ்பெல்லிங் வேற, ஓ யூ எஸ் ஓ ஓ ஆர்னு போட்டாதான் மாட்டும், ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ரெண்டு மூணு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, சலிச்சுக்காதீங்க.

கோயில் சிற்பத்துக்கு புதுச்சேரி ஃப்ரெஞ்ச் இன்ஸ்டிட்யூட்டோட பழைய கருப்பு வெள்ளை போட்டோக்கள், அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இண்டியன் ஸ்டடீஸோட போட்டோ ஆர்க்கைவ், ரெண்டும் நல்லா உதவும். தருமபுரி கோட்டைக் கோயில் தூணப் பத்தி படிக்கணும்னா ஊர் பேர விட்டுட்டு நுளம்பர்ங்கிற அரச வம்சத்து பேர்ல தேடுங்க, அவங்க ஆண்ட ஊருதானே தகடூர், அதாவது பழைய தருமபுரி.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து (உள்கூரை) ஓவியம் மட்டும் நேர்ல போய்தான் பாக்கணும். போறதுக்கு முன்னாடி, ஆந்திராவுல இருக்கிற லேபாக்‌ஷி கோயில் விதானத்து போட்டோ நெட்ல நிறைய இருக்கு, ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு போங்க, கோடு எப்படி ஓடுது, துணியில என்ன டிசைன், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கண்ணு தானா தேடும்.

அப்புறம் மியூசியம் சைட்ல எந்தப் படத்த சேவ் பண்ணாலும் பக்கத்துல இருக்கிற அக்சஷன் நம்பரையும் (ஒவ்வொரு பொருளுக்கும் மியூசியம் குடுக்கிற பதிவு நம்பர்) அப்பவே எழுதி வெச்சுக்கோங்க, வைவால (வாய்மொழித் தேர்வுல) கைடு மொதல்ல கேக்குறது அதத்தான்.