கரும்பு வெட்டுக் காலமும் எங்கள் வீட்டு எலிகளும்

மொரீசியசில் ஜூன் வாக்கில் கரும்பு வெட்டத் தொடங்கியதும், வயலில் ஒதுங்க இடமற்றுப்போன எலிகள் பக்கத்துக் குடியிருப்புகளை நாடி வருவதுண்டு. ஃபிளாக் வட்டாரத்தில் கரும்பு வயலை ஒட்டியுள்ள எங்கள் வீட்டையும் அவை விட்டுவைக்கவில்லை. நஞ்சு வைக்க நான் விரும்பவில்லை. அதைத் தின்ற எலி கூரையிடுக்கில் செத்து நாறும், அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் கேடு. ஆகவே முதலில் வழிகளை அடைத்தேன். அரை அங்குல இடைவெளியே இளம் எலிக்குப் போதும் என்பதால், குழாய் நுழையும் துளைகளில் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெந்து பூசினேன். கூரை எலி ஏறுவதில் கெட்டிக்காரப் பிராணி. சௌசௌ பந்தலைச் சுவரிலிருந்து விலக்கி, கூரையைத் தொட்ட லிச்சிக் கிளைகளை வெட்டிய பிறகே பெருந்தொல்லை அடங்கியது. எலி புதுப்பொருளைக் கண்டு அஞ்சும் ஆதலால், கருவாட்டுத் துண்டு வைத்த பொறியைச் சில இரவுகள் விசையை மாட்டாமலே சுவரோரம் விட்டுப் பழக்கி, அதன் பின்னரே மாட்டினேன். (எலியை ஒழிக்கவென்று முன்னாளில் இத்தீவில் விடப்பட்ட கீரிகளை நம்புவது வீண், அவை பகலில் திரிபவை, எலியோ இரவில் நடமாடுவது.) செத்த எலியைக் கையுறையுடன் அகற்றி, சிறுநீர் பட்ட இடங்களைப் பிளீச் கலந்த நீரால் நனைத்துத் துடைத்தேன், லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் அவ்வழியே பரவக்கூடியது. கோழித் தீவனம் இப்போது மூடியுள்ள தகரப் பீப்பாயில் இருக்கிறது.