மணலில் ஓட்டும் வண்டியில் ஏர்பேக் விளக்கு எரிந்தால்: நான் செய்து பார்த்த வழி

போன குளிர்காலத்தில் மலீஹா பக்கம் ஃபாசில் ராக் மணலில் ஓட்டிவிட்டு ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. வண்டி எப்போதும் போல ஓடியதால் இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அந்த விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். பின்சீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டுதான் அந்த இரண்டு வாரமும் ஓட்டினேன்.

மணல், சேறு, தண்ணீர் என்று ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கே நிறையப் பலன் உண்டு.

1. விளக்கைக் கவனியுங்கள்

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். அமெரிக்காவில் மோதி ஏலத்துக்கு வந்த சால்வேஜ் வண்டிகள் இங்கே நிறைய இறக்குமதியாகின்றன. விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கின் பல்பை மட்டும் கழற்றிவிட்டு விற்கிறவர்கள் உண்டு. சிலர் அதன் ஒயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு விளக்கும் எப்போதும் ஒரே நொடியில் அணைந்தால் சந்தேகப்படுங்கள்.

2. சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள்

விளக்கு ஒழுங்காக அணைந்தாலும் இதைச் செய்யுங்கள். ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் (ஏர்பேக்கை ஊதவைக்கும் குப்பி) இருந்த குறையை எந்த விளக்கும் காட்டாது. ஏர்பேக்கை ஊதவைக்கும் வாயுவுக்கு அவர்கள் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். வெயிலும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் பட்டுப் பட்டு அது கெட்டுவிடும். மோதும்போது அளவுக்கு மீறி வெடித்து, அதன் இரும்புக் கூடே சிதறி ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. வளைகுடாவின் வெயிலையும் கடற்கரை ஈரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

முல்கியாவில் (வண்டியின் பதிவு அட்டை) இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இறக்குமதி என்றால் அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கேயே விற்ற வண்டி என்றால் டீலரைக் கேளுங்கள். ரீகால், அதாவது திரும்ப அழைப்பு, இருந்தால் மாற்றித் தருவதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

3. ஹாரன் அடித்துப் பாருங்கள்

ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹாரனை அழுத்துங்கள். விட்டு விட்டுக் கேட்டாலோ, ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யாவிட்டாலோ பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சுருட்டி வைத்த நாடா போன்ற கேபிள். ஹாரனுக்கும் ஓட்டுநர் ஏர்பேக்குக்கும் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது.

மணல் இதை அரித்துவிடும். 2016-இல் அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரையிலான ஜீப் ராங்ளர் வண்டிகளை, ஏறத்தாழ 3.9 லட்சம், இதற்காகவே திரும்ப அழைத்தார்கள். கதவையும் கூரையையும் கழற்றிவிட்டு மண்பாதையில் ஓட்டும்போது தூசி உள்ளே புகுந்து இணைப்பைக் கெடுத்துவிடுகிறது என்பது காரணம். என் வண்டி வேறு, ஆனால் திறந்து பார்த்தபோது நாடாவின் மடிப்புகளில் முகப்பவுடர் மாதிரி மணல் படிந்திருந்தது.

உறுதி செய்ய, வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏர்பேக்கின் கோளாறுக் குறியீட்டையும் படிக்கும் கைக்கருவியை வாங்குங்கள், அல்லது கேரேஜில் படித்துத் தரச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனைகளில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து போகும் சிறு மின்சாரமே அதை விரியவைத்துவிடலாம்.

4. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள்

சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் கணினிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். நான் 15 நிமிடத்துக்குக் குறையாமல் விடுவேன்.

5. கிளாக் ஸ்பிரிங்கை மாற்றுவது

டயரை நேராக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஏர்பேக்கைக் கழற்றியதும் மூடிப்பக்கம் உடம்பைப் பார்க்காதபடி பிடித்து எடுத்துப் போய், மூடிப்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வையுங்கள். ஸ்டீயரிங் நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். இழுக்கும்போது ஸ்டீயரிங் முகத்தில் வந்து அடிக்காது. ஷாஃப்டிலும் ஸ்டீயரிங்கிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட இடம். புதுக் கிளாக் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்ததும் அதிலிருந்த சிறு பிளாஸ்டிக் பூட்டைப் பிடுங்கிவிட்டேன். உள்வட்டம் எங்கோ சுழன்றுவிட்டது. அப்படியே மாட்டினேன். விளக்கு அணைந்தது, ஹாரன் கேட்டது. எட்டாவது நாள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம், விளக்கு மறுபடி எரிந்தது. நாடா அறுந்துவிட்டது.

அந்தப் பூட்டு, ஸ்பிரிங் நடுவில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். மாட்டி முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். பூட்டு போய்விட்டால் இப்படிச் செய்யுங்கள்: உள்வட்டத்தை ஒரு பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள், தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள், அழுத்த வேண்டாம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் தடுக்கும்வரை சுற்றுகளை எண்ணுங்கள். ஐந்து சுற்று வந்தால் இரண்டரை சுற்று திரும்பி வாருங்கள். அதுதான் நடு. சில டப்பாக்களில் இரண்டு அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்.

போலி ஸ்பிரிங் பாதி விலைக்குக் கிடைக்கும். நான் இரண்டாவது முறை ஒரிஜினல்தான் வாங்கினேன். உயிர் காக்கும் பொருளில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் இல்லை.

பேட்டரியைக் கடைசியில் இணையுங்கள். அப்போது உள்ளே யாரும் இருக்க வேண்டாம். கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். அப்புறம் ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: இரண்டு பேட்டரி வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஃபிரிட்ஜுக்காகப் பின்னால் வைத்த பேட்டரி, இடையில் உள்ள ஐசொலேட்டர் (இரண்டு பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) வழியாக வண்டிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்ததாம். முன் பேட்டரியை மட்டும் கழற்றினால் போதாது. பின் பேட்டரி, சோலார் சார்ஜர் எல்லாவற்றையும் பிரித்த பிறகே நான்காம் படியில் சொன்ன காத்திருக்கும் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: மணலில் குதிக்கும்போது ஏர்பேக் விரிந்துவிடும் என்று பயந்து ஃபியூஸைப் பிடுங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிடுங்காதீர்கள். அதை மறுபடி மாட்ட மறந்து, திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் 120-இல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பிற்சேர்க்கை 3: இரும்பு பம்பர் மாற்றிய பிறகு விளக்கு எரிகிறது என்றவருக்கு: முன்பக்க மோதல் சென்சாரைத் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் மேல் அம்புக்குறி இருந்தால் அது வண்டியின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். அவருடைய சென்சாரை ஒரு பிளாஸ்டிக் டையால் ரேடியேட்டர் குழாயோடு கட்டி வைத்திருந்தார்கள்.