ஒரு ஓமுக்குக் குறைவான மின்தடையை அளக்க நாலு வயர்

ஒரு ஓமுக்குக் குறைவான ரெசிஸ்டரை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் அளக்காதீர்கள். கரண்ட் லிமிட் உள்ள, அதாவது வைத்த அளவுக்கு மேல் கரண்ட் விடாத பவர் சப்ளையில் 1 ஆம்பியர் வைத்து, அதன் குரோக்கடைல் கிளிப் இரண்டையும் ரெசிஸ்டர் கால்களின் நுனியில் மாட்டுங்கள். அப்புறம் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் முனைகளால் கிளிப்புக்கு உள்பக்கம், ரெசிஸ்டரின் உடலை ஒட்டிக் காலையே தொடுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்; 100 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 ஓம். முனையைக் கிளிப்பின் மேல் வைத்தால் எல்லாம் வீண்; கிளிப்பும் காலும் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்துவிடும்.

சாதாரண மீட்டரின் இரண்டு வயரும் சேர்ந்தே 0.2, 0.3 ஓம் வரும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், தெரியும். ஆனால் வோல்ட் அளக்கும்போது மீட்டருக்குள் கரண்ட் அநேகமாகப் போவதே இல்லை, பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். அதனால் மீட்டர் வயரின் தடை கணக்கில் வராது. சப்ளைக்கு இரண்டு வயர், மீட்டருக்கு இரண்டு வயர் என்று நாலு வயரில் அளக்கும் கெல்வின் முறை என்பது இதுதான்.

100 ஓமுக்கு மேல் இது தேவையில்லை, ஓம் ரேஞ்சே போதும். கால் வாட் ரெசிஸ்டர் 1 ஓம் அளவில் இருந்தால் 1 ஆம்பியர் கொடுக்காதீர்கள், 1 வாட் சூட்டில் கருகிவிடும். 100 மில்லிஆம்பியர் போதும். சப்ளையின் டிஸ்பிளே மேல் நம்பிக்கை இல்லையென்றால், இன்னொரு மீட்டரைத் தொடரில் போட்டுக் கரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.