சகீஃபா தோட்டத்தில் கட்டடம் தேடாதீர்கள்

உம்ரா முடித்து மதீனாவில் சில நாள் தங்குபவர்களில் பலர் சகீஃபா தோட்டத்தைத் தெரியாமலே கடந்து போகிறார்கள். தேடிப் போகிறவர்களும் "என்ன இது, வெறும் மரம்தானே" என்று வேலியோரம் நின்று விழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'சகீஃபா' என்பதைத் தமிழில் 'சமுதாயக் கூடம்' என்று எழுதுவதுண்டு. அதைப் படித்தவர் மனதில் நம்மூர் கல்யாண மண்டபம் மாதிரி ஒன்று எழுந்துவிடுகிறது. சகீஃபா என்றால் மேலே கூரை போட்ட நிழலிடம். பந்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். கஸ்ரஜ் குலத்தின் ஒரு கிளையான பனூ சாஇதாவினர் உட்கார்ந்து பேசிய இடம் அது. அந்தக் கூரை இன்று இல்லை. அதன் நினைவாக மரஞ்செடிகள்தான் நிற்கின்றன. கட்டடம் தேடிப் போவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, படிக்காமல் போவது. இந்த இடத்தில் கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம். மீதியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஹிஜ்ரி 11, கி.பி. 632. நபி (ஸல்) அவர்கள் மறைந்த செய்தி பரவி, அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி எழுந்த நேரம். மதீனாவாசிகளான அன்சாரிகள் இந்தப் பந்தலில் கூடியிருக்கிறார்கள். அவர்கள் தலைவராக்க நினைத்த சஅத் இப்னு உபாதா (ரலி) உடம்பு முடியாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் இருக்கிறார். மக்காவிலிருந்து வந்த தோழர்களான அபூபக்ர், உமர், அபூ உபைதா (ரலி) மூவரும் விரைந்து வருகிறார்கள். "எங்களில் ஒரு அமீர் (தலைவர்), உங்களில் ஒரு அமீர்" என்று அன்சாரிகளிடமிருந்து ஒரு குரல் எழுகிறது. சத்தம் கூடுகிறது. கடைசியில் உமர் அவர்கள் அபூபக்ர் அவர்களின் கையைப் பிடித்து பைஅத் செய்கிறார்கள், அதாவது அவரைத் தலைவராக ஏற்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு ஜும்ஆ உரையில் உமர் அவர்களே இதை விவரித்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தாம் நல்ல பேச்சொன்றைத் தயார் செய்துகொண்டு போனதையும், அபூபக்ர் அவர்கள் அதைவிட அழகாகப் பேசிவிட்டதையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். கிளம்புமுன் ஹோட்டல் அறையில் அந்த ஒரு ஹதீஸை வாசித்துவிட்டுப் போங்கள். மரங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஆனால் எல்லாம் இங்கேயே முடிந்துவிட்டதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். பொதுமக்களின் பைஅத் மறுநாள் நபியவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில்தான் நடந்தது.

பெயர்க் குழப்பமும் சகஜம். 'ரவ்ளா' என்ற சொல்லுக்கே தோட்டம் என்றுதான் பொருள். அது அந்தப் பள்ளிவாசலுக்குள், நபியவர்களின் வீட்டுக்கும் மிம்பருக்கும் (உரைமேடைக்கும்) இடைப்பட்ட பகுதி. அங்கே போக நுசுக் செயலியில் அனுமதி வாங்க வேண்டும். சல்மான் அல்ஃபாரிசி (ரலி) அவர்களின் பேரீச்சந்தோட்டம் என்று காட்டப்படுவதும் வேறு. சகீஃபா இருப்பது மஸ்ஜிதுந் நபவிக்கு மேற்கே, நடந்தே போகும் தூரத்தில். புனித இடங்களைக் காட்டும் ஜியாரத் பஸ் குபா, உஹத், கிப்லத்தைன் என்று சுற்றும். அதில் இதுவும் வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தனியாகக் கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்பும்போது செருப்பு! பள்ளிவாசலின் ஒரு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்து, கோடை லுஹர் (நண்பகல்) வெயிலில் தார் ரோட்டில் துள்ளுகிறவர்களைப் பார்க்கலாம். பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு போனால் வெயில் தணிந்திருக்கும். கேட் பூட்டியிருந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும், ஏறிக் குதிக்க வேண்டாம்.

இங்கே தொழுதால் தனி நன்மை என்று மார்க்கத்தில் ஏதும் இல்லை. இலை பறிப்பது, மண் அள்ளி முடிந்துகொள்வது எல்லாம் நம்மூர் பழக்கம், காவலர்கள் கண்டிப்பார்கள். அதைவிட மோசம், நபிக்குப் பின் தலைமை யாருக்கு உரியது என்ற சுன்னி, ஷியா வழக்கை அங்கேயே நின்று தீர்க்கப் பார்ப்பது. ஆயிரத்து நானூறு வருடத்துப் பேச்சு உங்கள் பத்து நிமிடத்தில் முடியாது, பக்கத்தில் நிற்பவர் எந்தத் தரப்பு என்பதும் உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, அந்த ஒரு நாளோடு இடத்தைச் சுருக்கிவிடுவது. நபியவர்கள் இதே பந்தலில் தோழர்களோடு உட்கார்ந்து, சஹ்ல் (ரலி) என்ற தோழரிடம் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறார்கள். புளாஆ கிணறும் இந்தக் குலத்தாருடையதுதான். மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் அதைப் பார்க்க வந்த ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் அபூதாவூத், தம் மேலாடையைக் கிணற்றின் மேல் விரித்து, பிறகு அதை அளந்தார். ஆறு முழம். கிணறு இருந்த தோட்டத்தின் கதவைத் திறந்துவிட்டவரிடம், "கிணற்றின் அமைப்பை மாற்றியிருக்கிறார்களா?" என்று விசாரித்தார். "இல்லை" என்றார் அவர். தண்ணீரின் நிறம் மாறியிருந்ததைக் கண்டார். அதையும் எழுதி வைத்தார்.