குண்டு எழுத்தில் கடை பேனர்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் அண்ணன் சாயங்கால வடைக் கடை போட்டபோது பேனரை நான்தான் செய்தேன். தோட்டத்திலிருந்து மோட்டாரில் டவுனுக்கு வருகிறவர்கள் போகிற வேகத்திலேயே படிக்க வேண்டும், படித்ததும் நின்று இரண்டு வடை வாங்கத் தோன்ற வேண்டும். அதற்கு உருண்டு திரண்ட எழுத்துதான் சரி. நான் எடுத்தது பாலூ தம்பி 2.

மும்பையின் ஏக் டைப் உருவாக்கிய ஃபாண்ட் குடும்பம் இது. தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதுவே பிடித்துவிட்டது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ரோமன் எழுத்தும் உள்ளேயே இருப்பதால் மலாய் வரியும் அதே சாயலில் வந்துவிடும்.

முதலில் இறக்கிய ஜிப்பைப் பிரித்து, ஃபாண்ட் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து நிறுவுங்கள். முரசு அஞ்சல் மென்பொருளிலோ வேறு தமிழ் விசைப்பலகையிலோ யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய ஃபாண்டில் அடித்ததை வெட்டி ஒட்டினால் குப்பையாகத்தான் தெரியும்.

அடுத்தது தடிமன், இங்கேதான் நிதானம் வேண்டும். 400 முதல் 800 வரை ஐந்து தடிமன் உண்டு, எல்லோரும் நேராக 800-க்குப் போவார்கள். அதற்கு முன் ‘அண்ணன்’ என்று அடித்துப் பாருங்கள். ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், கோடு தடிக்கத் தடிக்க சுழிக்குள் இருக்கும் வெள்ளை குறைந்துகொண்டே வரும், சின்ன அளவில் இரண்டும் ஒரே உருண்டையாகிவிடும். பேனரில் 800 அருமையாக நின்றது, பொட்டலத்தில் ஒட்டும் ஸ்டிக்கரில் அடைத்துக்கொண்டது, அதை 600-க்கு இறக்கினேன். எழுத்தைச் சுற்றிக் கரை போட ஆசைப்பட்டால் வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள், உள்ளே போட்டால் சுழி போச்சு.

வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மேல்வரியில் தொங்கும் உகரக் குறிகள் கீழ்வரிப் புள்ளியில் முட்டக் கூடாது.

இந்த எழுத்துக்கு இரண்டு மூன்று சொல்தான் அழகு. கடைப் பெயர், பிறந்தநாள் வாழ்த்து, பாலர் பள்ளிச் சுவர், முறுக்குப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விலை, நேரம், தொலைபேசி எண்ணையெல்லாம் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்டில் மெலிசாக வையுங்கள். இரங்கல் அறிவிப்பில் மட்டும் தயவுசெய்து இதைப் போடாதீர்கள், மனசுக்கு ஒட்டாது.

அப்புறம், பிரிண்டிங் கடைக்கு அனுப்புவது. நான் முதலில் வரைந்த கோப்பை அப்படியே அனுப்பிவிட்டேன், அவர்களிடம் இந்த ஃபாண்ட் இல்லை. ‘வடை’யில் ஐகாரக் கொம்பு ட-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. எழுத்தை வடிவமாக மாற்றி பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். அனுப்பும் முன் அதைத் திரையில் திறந்து வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று படியுங்கள், ண் சுழி தெரிகிறதா என்று.