ஒல்லிக் குழந்தைக்கு உடை எடுப்பது எப்படி: நீளம் கடையில், அகலம் வீட்டில்

என் மகள் ஓடும்போது ஒரு கைதான் வீசும். இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருக்கும். லெக்கிங்ஸ் நழுவாமல் இருக்க அவளாகவே கண்டுபிடித்த வழி அது. நாலரை வயது, உயரம் 104 செ.மீ., இடுப்பு 19 அங்குலம். ‘4-5 வயது’ என்று போட்டிருக்கும் பேன்ட் அவளுக்கு நீளம் சரியாக இருக்கும், இடுப்பில் இன்னொரு குழந்தை நுழையலாம். ‘2-3 வயது’ எடுத்தால் இடுப்பில் நிற்கும், கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தெரியும்.

மாமியார் பழைய வைத்தியம் செய்தார். அரைஞாண் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கி, பேன்ட்டின் மேல் விளிம்பை அதில் சுருட்டிச் செருகிவிடுவார். நின்றது. ஆனால் பள்ளியில் பாத்ரூம் போய்விட்டு வந்தால் திரும்பச் செருகிவிட யார் இருக்கிறார்கள்?

திருப்பூரில் குடியிருந்துகொண்டு பிள்ளைக்கு உடை கிடைக்கவில்லை என்றால் ஊரே சிரிக்கும். இரண்டு வருடம் தப்பும் தவறுமாக வாங்கிய பிறகு எனக்குப் பிடிபட்டது இது: நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும், அகலத்தை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டையான உடையை நீட்ட முடியாது. தொளதொளப்பைக் குறைக்க ஊசியும் கால் மணி நேரமும் போதும். மிஷின் ஓட்டத் தெரியாதவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அளவெடுங்கள்

“எத்தனை வயசுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் துணியை எடுத்துப் போடுவார். ஒல்லிக் குழந்தை விஷயத்தில் கோணல் அங்கேயே ஆரம்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதில் நடுத்தர உயரம் ஏறக்குறைய 96 செ.மீ., நான்கு வயதில் 103, ஐந்தில் 110. வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர் உயரம் கூடுகிறது. இடுப்பு அந்த வேகத்தில் பெருப்பதில்லை. கைக்குழந்தைத் தொப்பை கரைந்து கால் நீளும் வயது இது. உயரத்தோடு ஒப்பிட்டால் உடம்பு மிக ஒல்லியாகத் தெரிவது பொதுவாக ஐந்து, ஆறு வயதில்தான். அதனால் சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து “சோறே போடறதில்லையா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டியவை:

- உயரம்: செருப்பில்லாமல் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகம் வைத்துக் கோடு போடுங்கள்.
- மார்பு: அக்குளுக்குக் கீழே சுற்றளவு.
- இடுப்பு: குழந்தையைப் பக்கவாட்டில் வளையச் சொன்னால் மடிப்பு விழும் இடம். சாப்பிட்ட பிறகு எடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்து இறுக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு “வலிக்குது” என்று கேட்டவள் நான்.
- கால் நீளம்: கவட்டிலிருந்து கணுக்கால் எலும்பு வரை, உள்பக்கமாக.
- தோள்: ஒரு தோள் முனையிலிருந்து மறுமுனை வரை, முதுகுப் பக்கம்.

நெளிகிற பிள்ளையை டேப்பால் அளப்பது கஷ்டம். ஒரு நூலைச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு அப்புறம் நூலை அளந்துகொள்ளலாம். அதற்கும் சிக்கவில்லையா? இப்போது சரியாக இருக்கும் ஒரு பேன்ட்டையும் ஒரு சட்டையையும் தரையில் நீவி விரித்து அளந்து, செல்போனில் குறித்து வையுங்கள். கடையில் பெரும்பாலும் நான் பார்ப்பது இந்தக் குறிப்பைத்தான்.

படி 2: லேபிளில் என்ன எண் என்று பாருங்கள்

மூன்று விதமான எண்கள் கண்ணில் படும். ‘4-5 வயது’ என்பது சராசரி உடம்புக்குப் போட்ட கணக்கு. நம் பிள்ளை சராசரி இல்லை என்பதால்தான் இவ்வளவு பேச்சும். 16, 18, 20, 22 என்று போகும் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதன் அளவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பேசாமல் டேப்பை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் நமக்குக் கை கொடுப்பது: 92, 98, 104, 110, 116. இது ஐரோப்பிய அளவு. எண்தான் குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். ஆறு ஆறாகக் கூடும். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணி தேடுபவர்கள் இந்த எண்ணைக் கவனியுங்கள். பிராண்டு லேபிளை வெட்டியிருந்தாலும் உள்தையலில் எண் போட்ட சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். 101 செ.மீ. உயரக் குழந்தைக்கு 104 எடுக்கலாம். இன்னும் ஒரு வருடம் ஓட வேண்டுமென்றால் 110. அதற்கு மேல் போகாதீர்கள். “வளர்ற பிள்ளைதானே” என்று இரண்டு மூன்று சைஸ் தாண்டி எடுத்தால், பிள்ளை வளர்ந்து வருவதற்குள் துணி சாயம் போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து சித்தி, அத்தை யாராவது வாங்கி வருவதானால் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘டி’ (T) எழுத்து இருந்தால் டயப்பருக்கும் சேர்த்து இடம் விட்டுத் தைத்தது. டயப்பரை விட்ட ஒல்லிப் பிள்ளைக்கு ‘4டி’ வேண்டாம், வெறும் ‘4’ பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சில பிராண்டுகளில் ஒரே நீளத்தில் ஸ்லிம், ரெகுலர், ஹஸ்கி என்று இடுப்பளவு மட்டும் மாறும். ஸ்லிம் கேளுங்கள்.

படி 3: எந்த மாதிரி உடை?

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது, பேன்ட் இடுப்பின் உள்பக்கம். இரண்டு ஓரத்திலும் சின்ன பட்டனும், வரிசையாகத் துளை போட்ட எலாஸ்டிக்கும் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். துளையை மாற்றி மாட்டினால் இரண்டு மூன்று அங்குலம் குறையும், வயிறு கொஞ்சம் போட்டால் திரும்ப இளக்கலாம். ஜீன்ஸ் எடுப்பதென்றால் இது இல்லாமல் நான் எடுப்பதே இல்லை. பெல்ட் போட்டு இறுக்குவது இந்த வயதுக்குச் சரிவராது. இடுப்பில் துணி கொசகொசவென்று மடிந்து குத்தும், அவசரத்துக்கு அவிழ்க்கவும் வராது.

கவுன் என்றால் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பட்டை வைத்தது. மார்பில் எலாஸ்டிக் நூலால் சுருக்கித் தைத்த ஸ்மாக்கிங் கவுன் இன்னும் நல்லது, உடம்போடு நிற்கும். தோளில் பட்டன் வைத்த டங்கரீ, பினஃபோர் எல்லாம் இடுப்பை நம்பாமல் தோளில் தொங்குவதால் ஒல்லிப் பிள்ளைகளுக்காகவே தைத்த மாதிரி இருக்கும். அகலக் கழுத்து வைத்த டாப் ஒரு பக்கத் தோளில் சரிந்துகொண்டே இருக்கும், வேண்டாம்.

சட்டையிலும் டீ-ஷர்ட்டிலும் தோள் தையல் தோள் முனையிலேயே உட்கார்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டை வீட்டில் பிடிக்கலாம். தோளைக் குறைக்கக் கையைப் பிரித்துத் தைக்க வேண்டும், அது புதிதாகத் தைப்பதற்குச் சமம்.

கழுத்தில் கயிறு வைத்த ஹூடி எடுக்காதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்து, தலைப்பகுதிக் கயிறு கூடாது என்று ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதியே சொல்கிறது. சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். வீட்டில் ஏற்கனவே இருந்தால் கயிற்றை உருவிப் போட்டுவிடுங்கள்.

படி 4: போட்டுப் பார்க்கும்போது

நேராக நிற்க வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பின்னால் ஜட்டி தெரிந்தால் இடுப்பு நழுவுகிறது. இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். நாலு முறை குதிக்க விடுங்கள். இடுப்புக்குள் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் சரி, முழுக் கையும் நுழைந்தால் பிடிக்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் இதையெல்லாம் செய்ய எந்தக் கடையிலும் இடம் இருக்காது, ஒரு மாதம் முன்னதாகவே போய்விடுங்கள்.

படி 5: வீட்டில் பிடிப்பது

முதல் வேலை, துவைப்பது. பருத்திப் பின்னலாடை முதல் தண்ணீரில் ஐந்து சதவீதம் வரை சுருங்கலாம். 20 அங்குலத்தில் அது ஒரு அங்குலம். துவைக்காமல் பிடித்துவிட்டு, துவைத்த பிறகு பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

*எலாஸ்டிக் தனியாக ஓடும் பேன்ட்:* இடுப்பு மடிப்பைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே எலாஸ்டிக் தனியாக நகர்ந்தால் வேலை சுலபம். பின்பக்க நடுவில், உள்புறம், தையலை ஒரு அங்குலம் பிரியுங்கள். எலாஸ்டிக்கை வெளியே இழுத்து வெட்டுங்கள். ஒரு முனையை உடனே ஊக்கால் துணியோடு குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஓடிப் போகும். கணக்கு இப்படி: இடுப்பளவில் ஒன்றரை அங்குலம் கழித்து, ஒட்டுக்கு அரை அங்குலம் கூட்டவும். என் மகளுக்கு 19 கழித்தல் ஒன்றரை, கூட்டல் அரை, ஆக 18 அங்குலம். மிச்சத்தை வெட்டிவிட்டு இரண்டு முனையையும் அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கட்டம் போட்ட மாதிரி நாலு பக்கமும் அழுத்தித் தையுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், முதுகில் உறுத்தும். பிரித்த இடத்தைக் கையாலேயே மூடிவிடலாம்.

இதே பிரித்த வாய் வழியாகத் துளை போட்ட எலாஸ்டிக்கையும் கோத்துவிடலாம். தையல் சாமான் கடையில் பட்டன்ஹோல் எலாஸ்டிக் என்று கேளுங்கள். நுனியில் ஊக்கு குத்தி, பாவாடைக்கு நாடா கோப்பது போலவே தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். பக்கத் தையல்களுக்கு அருகில் உள்பக்கம் மட்டும் இரண்டு சின்னத் திறப்பு விட்டு, அதன் வழியாக எலாஸ்டிக் முனைகளை வெளியே எடுத்து, பக்கத்திலேயே தட்டையான பட்டன் தைத்து மாட்டுங்கள். திறப்பின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்துவிடுங்கள். முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் சுருக்கமாகவும் வர, எலாஸ்டிக்கைப் பின்பாதியில் மட்டும் ஓட விடுவது நல்லது.

*எலாஸ்டிக் துணியோடு சேர்த்துத் தைத்த பேன்ட்:* இதில் உருவ முடியாது. பின்பக்கம், நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருபுறமும் அரை அரை அங்குலத்தில் மடிப்புக் கிள்ளி, இடுப்புப் பட்டியின் உயரத்துக்கு மட்டும் தைத்துவிடுங்கள். ஒரு மடிப்புக்கு ஒரு அங்குலம், இரண்டுக்கும் சேர்த்து இரண்டு அங்குலம் குறையும். பார்க்க அவ்வளவு அழகில்லை, டாப் மூடிவிடும்.

*லெக்கிங்ஸ், டீ-ஷர்ட்:* பின்னல் துணி இழுபடும், சாதாரண நேர்த்தையல் இழுத்தால் பட்டென்று அறும். இதற்கு மட்டும் நான் தெருமுனையில் ஓவர்லாக் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஜிக்ஜாக் தையல் வரும் வீட்டு மிஷின் இருந்தால் அதுவும் போதும்.

*கவுனும் சட்டையும்:* உடையைத் திருப்பிப் போட்டு, குழந்தைக்கு மாட்டி, அக்குளுக்குக் கீழே இருபுறமும் தளர்வைக் கிள்ளி ஊக்கு குத்துங்கள். மூச்சு இழுத்து விடச் சொல்லிப் பாருங்கள். கழற்றி, அந்தக் கோட்டில் தையுங்கள். உள்ளே வரும் துணியை வெட்டவே வெட்டாதீர்கள். அடுத்த வருடம் பிரித்து விட அதுதான் கைவசம் இருக்கும் சரக்கு.

படி 6: டெய்லரிடம் கொடுத்தால்

பட்டுப் பாவாடைக்கு நம் பாட்டிமார் எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒல்லி இடுப்பில் நாடா நிற்காது, இறுக்கினால் தழும்பு விழும். அதனால் “பாடி வைத்துத் தையுங்க” என்று சொல்லுங்கள். கையில்லாத பருத்தி மேல்பாதியோடு பாவாடையை இணைத்துவிடுவார்கள். பாரம் தோளுக்குப் போய்விடும், மேலே சட்டை போட்டால் ஒன்றும் தெரியாது. கீழ் விளிம்புக்குச் சற்று மேலே இரண்டு மூன்று டக், அதாவது குறுக்கு மடிப்பு, பிடிக்கச் சொல்லுங்கள். முக்கால் அங்குல ஆழத்தில் ஒரு டக் பிடித்தால், பிரிக்கும்போது ஒன்றரை அங்குலம் இறங்கும். மூன்று டக் இருந்தால் நாலரை அங்குலம். மேல்பாதியின் பக்கத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். சொன்னாலொழிய விட மாட்டார்கள்.

பள்ளி யூனிஃபார்முக்கும் இதே பேச்சுதான். ரெடிமேடாக வாங்குவதற்கும் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் பள்ளி விட்டால், தைத்துவிடுங்கள்.

வெட்டி எடுத்த எலாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பொம்மைப் பாவாடைக்கு ஆகும். பிடித்து முடித்த ஒவ்வொரு பேன்ட்டின் உள் லேபிளிலும் பால்பாயின்ட் பேனாவால் இடுப்பளவையும் மாதத்தையும் எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் கழித்து எதைப் பிரிக்க வேண்டும், எதைச் சித்தப்பா மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தவுடன் தெரிந்துவிடும்.